ஃபியூஸ் இல்லாத பாட்டுப்பெட்டி

எங்கள் தெருவில் அந்தக் காருக்கு 'ஊர்வல வண்டி' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வண்டியை வெளியே எடுத்து, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பைப் போட்டால் கோடி வீடு வரைக்கும் ஜன்னல் கம்பி அதிரும். "நடுவயசுல இதுங்களுக்கு என்னா கொண்டாட்டம் பாரு" என்று எதிர்வீட்டு அம்மாள் என் காதில் விழும்படியாகவே சொல்வாள். ஒருநாள் கார் கண்ணாடியில் யாரோ சோப்பால் 'மைக் செட் வாடகைக்குக் கிடைக்கும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைத் துடைத்தேன். தெருவே கேட்கும்படி நாலு வார்த்தை சொன்னேன். பிறகுதான் உள்ளே போனேன். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. எதற்கு இவ்வளவு சத்தம் என்று ஒரே ஒருத்தராவது நேரில் வந்து கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கிய புதிதில் வேலைக்கு வந்தவர். நான் காவேரிப்பட்டினத்துப் பெண். ஓசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. அவருக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. இரும்புத் தகட்டை உள்ளே வைத்தால் மேலேயிருந்து மிஷின் இறங்கி ஒரே அடியில் அதை வேண்டிய வடிவத்துக்கு வெட்டித் தள்ளும். அப்படிப்பட்ட மிஷின்கள் வரிசையாக நிற்கும் தகரக் கூரைக் கொட்டகையில், ஷிப்டு ஷிப்டாக, நடுவயதை எட்டும்வரை அவர் நின்றார். காதுக்கு என்ன கொடுத்தார்கள் என்று பிற்பாடு கேட்டேன். கை துடைக்கிற பழைய நூல் கழிவிலிருந்து கொஞ்சம் பிய்த்துக் காதில் அடைத்துக்கொள்வார்களாம். அதையும் கம்பெனி கொடுக்கவில்லை, இவர்களாகவே எடுத்துக்கொண்டது.

ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். ஒரு வருடம் மிஷின்களுக்கெல்லாம் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று சூப்பர்வைசர் ஒரு மிஷினை மட்டும் ஒரே ஒரு தடவை இறக்கினார். தரை குலுங்கியது. பிள்ளைகள் வீறிட்டு அழுதார்கள். பெண்கள் எல்லோரும் துள்ளிவிட்டோம். என் கையிலிருந்த சுண்டல் கொட்டிப்போயிற்று. என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று தேங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டிருந்தார். தோள்கூட அசையவில்லை. எல்லோரும் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டில் நான் கூப்பிட்டால் அவர் திரும்பாததற்கு அதுவரை நான் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம்பளைத் திமிர் என்றே நினைத்தேன்.

கம்பெனி டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வயசாகுதில்லம்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். இவருக்கு அப்போது தலையில் ஒரு நரைகூட இல்லை. "அதே ஷாப்புல இருக்கற எல்லாருக்குமே ஒரே நேரத்துல வயசாகுதுங்களா சார்?" என்று கேட்டேன். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஒரு ரிட்டயர்டு அதிகாரி வீட்டு ஷெட்டில் கோழி அடையும் கூண்டாகக் கிடந்த வண்டி அது. இங்கிலாந்தில் செய்தது. உருண்டை முகமும் பெரிய கண் மாதிரி விளக்குகளுமாக இருக்கும். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள். இவர் விடுமுறை நாட்களில் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்து ஓட வைத்தார். முதலில் இவர்தான் ஓட்டினார். ஒருநாள் சூளகிரி தாண்டி, பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தும் இவர் ஒதுங்கவில்லை. லாரி உரசிக்கொண்டு போயிற்று. அன்றோடு ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். டிரைவிங் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தந்தவர் கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் பின்சீட்டில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தே விளக்கினார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நான் கற்றுக்கொண்டேன்.

பாட்டு என்றால் இவருக்கு உயிர். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ரேடியோ பக்கமே போகாமல் ஆகிவிட்டார். "இப்ப உள்ள பாட்டுல என்ன இருக்கு" என்று சொல்லிவிடுவார். நானும் நம்பினேன். பிறகு ஒரு கல்யாணத்தில் தவில்காரருக்குப் பக்கத்தில் இவருக்கு இடம் கிடைத்தது. எல்லோரும் சாப்பிட எழுந்து போன பிறகும் இவர் எழவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, தவிலு கேக்குட்டி. நல்லாக் கேக்கு" என்றார். ஊரில் பழகிய 'ஏட்டி'யை அவர் சந்தோஷத்திலும் பயத்திலும் மட்டுந்தான் சொல்வார். கனத்த சத்தம், அடிவயிற்றில் அதிர்கிற சத்தம் அவருக்கு எட்டுகிறது. மெல்லிய குரல்தான் எட்டவில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. என் குரல் மெல்லிய குரல். டெலிபோனில் நன்றாக எடுபடுகிறது என்று எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த குரல்.

நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் குடித்தனம். அங்கே ரேடியோவை அவருக்கு எட்டுகிற அளவு வைத்தால் வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்வார். காரில் வைத்தால் ஊரைத் தாண்டியதும் யாருக்குத் தொந்தரவு? நல்ல கனமான ஸ்டீரியோ ஒன்று போட்டுக்கொடுப்பது என்று நான்தான் முடிவு செய்தேன்.

ஜூஜுவாடியைத் தாண்டி, கர்நாடகா எல்லையை ஒட்டி, டாக்ஸிக்கும் லாரிக்கும் டேப் மாட்டித்தரும் கடைகள் அப்போது வரிசையாக இருந்தன. அதில் கூட்டம் அதிகமாக இருந்த ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். டேப், தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர், பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர். எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து, இன்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கிற தகட்டில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம். டேப்பிலிருந்து ஒரு நூல் புகை.

"ஏ, உங்க வண்டி ஒயரிங்கே உல்ட்டா இருக்கும்மா!" என்று எங்கள்மேல் எரிந்து விழுந்தார்.

என்ன உல்ட்டா என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. கார் என்றால் பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்த்துவிடுவார்கள். உடம்பே ஒரு ஒயர் மாதிரி வேலை செய்யும். இப்போது வருகிற வண்டிகளில் மைனஸ் உடம்போடு சேர்ந்திருக்கும். எங்களுடையது மாதிரிப் பழைய இங்கிலாந்து வண்டிகளில் பிளஸ் சேர்ந்திருக்கும். டேப்பின் தகரப் பெட்டியோ மைனஸ். அதை அப்படியே வண்டி உடம்பில் முடுக்கினால் எரியாமல் என்ன செய்யும்? மாட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அவர் வேலை. பார்க்கவில்லை. ஆனால் தப்பு எங்கள் வண்டியுடையதாம்.

நான் விடவில்லை. வாக்குவாதம் செய்து வேறு டேப் மாட்ட வைத்தேன். இந்தத் தடவை டேப்புக்கும் வண்டிக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். ரப்பர் நடுவே இருப்பதால் பெட்டி உடம்பில் தொடாது என்பது அவர் கணக்கு. ஒயர்களை மாற்றிக் கொடுத்தார். பாட்டு வந்துவிட்டது.

"வீட்டுல கரண்டுக்கு ஃபியூஸ் போடறமே, இதுக்கு வேணாங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "ஃபியூஸ் போட்டா சவுண்டு கொறஞ்சுடும் சார். உங்களுக்கு ஜாஸ்தி சவுண்டுதானே வேணும்?"

என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். நான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், இரண்டுமே அவருக்குக் கேட்கவில்லை. காது கேட்காத ஆளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் கருவிகளை எடுத்து வைத்தார்.

அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் திருவிழாதான். அவர் பழைய கேசட்டுகளையெல்லாம் தேடி எடுத்தார். ஸ்பீக்கர்கள் பின்னால் இருந்ததால் அவருக்கு எட்ட வேண்டுமென்றால் முழுக்கத் திருகி வைக்க வேண்டும். ஹெட்லைட் போட்டிருந்தால் ஒவ்வொரு தவில் அடிக்கும் வெளிச்சம் மங்கி மங்கி வரும். அவர் அதைப் பார்த்து, "வெளக்கும் தாளம் போடுது பாரு" என்று ரசித்தார். வண்டியின் டைனமோவால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த கடைக்காரர் சொல்லவில்லை.

அன்று காவேரிப்பட்டினத்தில் என் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நல்ல பகல். சூளகிரி தாண்டி ரோடு மோசமாக இருந்த இடத்தில் வண்டி இரண்டு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் ரப்பர் கருகுகிற வாடை வந்தது. முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பிறகு பாட்டு நின்றது. என் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து, கறுப்பாகப் புகை இறங்கியது.

"ஏங்க! ஏங்க, புகை! கதவத் தொறங்க!" என்று கத்தினேன்.

அவர் கண்ணை மூடியிருந்தார். பாட்டு நின்றது அவருக்குத் தெரியவில்லை போலும், தொடையில் தாளம் நிற்கவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவர் தோளில் ஓங்கி அடித்தேன். கண் திறந்தார். ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவதற்குள் அவர் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரைப் பிடித்து இழுத்தார். ஒயரின் மேல்தோல் உருகி வழிந்து, உள்ளே செம்பு சிவந்துபோயிருந்தது. அது அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

நான் இறங்கி ஓடிப்போய் முன்பக்கம் திறந்தேன். பேட்டரி முனையில் இருந்த கிளாம்பைக் கையால் பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை. எதிரே வந்த லாரி நின்றது. டிரைவர் ஸ்பானரோடு குதித்து வந்து, "தள்ளும்மா, தள்ளு!" என்று கிளாம்பைத் தளர்த்திப் பிடுங்கி எறிந்தார். அவருடைய கிளீனர் ரோட்டோர மண்ணை வாரி வாரி உள்ளே கொட்டினார். டேஷ்போர்டின் பாதி கரி. என் பக்கத்துச் சீட்டு ஓரம் தேங்காய் நார் தெரிய எரிந்திருந்தது.

"பெட்ரோல் வண்டிம்மா இது. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க" என்றார் டிரைவர். ஓட்டையில் உரசிக் கிடந்த ஒயரை இழுத்துப் பார்த்தார். "ஃபியூசே காணோமே. எவன் மாட்டனது இத?"

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. மொபெட்டில் வந்த ஒரு ஆள், இறங்கக்கூட இல்லை, காலை ஊன்றிக்கொண்டு, "பொம்பள ஓட்டனா இப்டித்தான் ஆவும்" என்றார். கையில் மண் இருந்தது. நிஜமாகவே அவர்மேல் எறிந்தேன். சட்டையில் பட்டது. அவர் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே போனார். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

என் வீட்டுக்காரர் மரத்தடியில் உட்கார்ந்து, வெந்த கையை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஒனக்கு ஒண்ணும் ஆகலயே? நீ கூப்ட்டியா? நீ கூப்ட்டது எனக்குக் கேக்கலட்டி" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்காததால் உரக்கத்தான் பேசுவார். கூட்டம் முழுக்க அதைக் கேட்டது.  அதன் பிறகே ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

சூளகிரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை ஓசூருக்கு இழுத்து வந்தோம். அடுத்த லீவு நாளில் எரிந்த ஒயரை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவரைக் கூட்டிப் போகவில்லை. கடைக்காரர் பேச்சைத் தலையாட்டிக் கேட்க ஆள் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

கடையில் ஒரு டாக்ஸி நின்றது. கடைக்காரர் அதற்கு டேப் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பையைத் திறந்து ஒயரை மேஜைமேல் கொட்டினேன்.

"என்னம்மா இது?"

"நீங்க மாட்டன ஒயரு. என் வீட்டுக்காரர் உள்ளங்கைல ஒட்டிக்கிச்சு. பிய்ச்சு எடுத்தாங்க."

"அது ஹளே காடிம்மா. பழைய வண்டி. பழைய வண்டில எது வேணும்னாலும் ஆகும். நான் என்ன மாடலி? என்ன பண்றது?"

"ரப்பர் நவுந்துடுச்சு. உங்க டேப்பு வண்டி உடம்புல இடிச்சுடுச்சு. அதுக்குத்தான் ஃபியூஸ் கேட்டன். சவுண்டு கொறஞ்சுடும்னு சொன்னது யாரு?"

"அம்மா, ஜாஸ்தி சவுண்டு வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? உங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்கலன்னா அதுக்கு நான் பொறுப்பா?"

 கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்தினால் பைத்தியக்காரி என்று சொல்லித் துரத்திவிடுவார்கள். அவரை விட்டுவிட்டு டாக்ஸிக்காரர் பக்கம் திரும்பினேன். நடு வயதைத் தாண்டிய ஆள், பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, உங்க வண்டிலயும் இவருதான் மாட்டறாரு. ஃபியூஸ் எங்கன்னு கேளுங்க. இந்த ஒயரப் பாத்துட்டுக் கேளுங்க."

டாக்ஸிக்காரர் ஒயரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் கன்னடத்தில், "ஃபியூஸ் எல்லி?" என்று கேட்டார். எங்கே என்று அவ்வளவுதான் கேட்டார், குரலை உயர்த்தவில்லை.

கடைக்காரர் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே ஃபியூஸ் பெட்டி பெட்டியாக இருந்தது. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ், அதை மாட்டுகிற கூடு, எல்லாம். ஒன்றை எடுத்து டாக்ஸியின் ஒயரில் வெட்டிச் சேர்த்து முறுக்கினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த கோபம் தீயைப் பார்த்தபோதுகூட வரவில்லை. இல்லாத பொருள் என்றால் மனம் ஆறியிருக்கும். தெரியாத ஆள் என்றாலும் ஆறியிருக்கும். கைக்கெட்டுகிற டிராயரில் வைத்துக்கொண்டு, ஒரு பெண் கேட்டாள் என்பதற்காகச் சிரித்து அனுப்பியிருக்கிறார். டேப்புக்கு ஈடாக எதுவும் தர மாட்டேன் என்றார். கடைசிவரை தரவும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. டாக்ஸிக்காரர் என்னை ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

இனிமேல் இந்தச் சங்காத்தமே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "ஒன்னக் கொல்லப் பாத்தேனே, பாட்டு எனக்கு எதுக்கு?" என்றார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. காதைக் கெடுத்தவன் ஒருத்தன், தீ வைத்தவன் இன்னொருத்தன், பாட்டை விட்டுக்கொடுக்க வேண்டியவர் மட்டும் இவரா?

எங்கள் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூமைக் கவனிக்கிற டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்பார். சாப்பாட்டு நேரத்தில் நடந்ததைச் சொன்னேன். பிளஸ் உடம்போடு சேர்ந்த வண்டி என்றதும் அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

"இதுல என்னக்கா அதிசயம்? நம்ம எக்ஸ்சேஞ்சு பேட்டரியும் பிளஸ்தான் எர்த்து. அந்தக் கடைக்காரன் கேட்டிருந்தா எவன் வேணாலும் சொல்லிருப்பான்."

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து பாக்க முடியுமா தம்பி?"

"ஞாயித்துக்கெழமதான் வீட்டுல இருக்கறதே..." என்று முணுமுணுத்தார். ஆனால் வந்தார். வரும்போது அவர் மனைவி கொடுத்தனுப்பிய பிரியாணித் தூக்கும் வந்தது.

ரப்பரைச் சுற்றி ஏமாற்றுகிற வேலை வேண்டாம், வண்டியையே மைனஸ் எர்த்துக்கு, அதாவது மைனஸ் உடம்போடு சேர்கிற மாதிரி, மாற்றிவிடலாம் என்றார் பாய். பாயும் இவரும் பேட்டரியைத் திருப்பி வைத்தார்கள். ஒரு முனை தடிப்பு, இன்னொன்று மெலிசு. பழைய கிளாம்புகள் சேரவில்லை, அதற்காகவே இன்னொரு வாரம் போயிற்று. இக்னிஷன் காயிலில் இருந்த இரண்டு ஒயரையும் இடம் மாற்றினார்கள். டைனமோவுக்கும் புதுத் திசையைப் பழக்க வேண்டுமாம். பேட்டரியிலிருந்து எடுத்த ஒரு ஒயரால் அதன் சின்ன முனையைச் சும்மா தொட்டு எடுத்தார் பாய். பொறி பறந்ததும் நான் வாசல்வரை ஓடிவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெருப்பைப் பக்கத்தில் பார்த்தவள் நான்.

வண்டியைக் கிளப்பினால் டேஷ்போர்டில் இருந்த ஆம்பியர் மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் ஓடியது. பாய் தலையைச் சொறிந்தார். டைனமோ கெட்டுவிட்டது என்று ஒருமணி நேரம் அதையே நோண்டினார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் மீட்டருக்குப் பின்னால் இருந்த ஒயர்களைக் காட்டினார். அதை இடம் மாற்ற மறந்துவிட்டார்கள். மாற்றியதும் முள் ஒழுங்காக நின்றது.

பிறகு நான் சொல்லச் சொல்லத்தான் பாட்டுப்பெட்டி வேலை நடந்தது. பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். தடித்த ஒயர். தகட்டின் ஓட்டைக்கு ரப்பர் வளையம். ஆம்ப்ளிஃபயரின் பாரம் அந்தப் பழைய சாவி சுவிட்சில் விழாமல் இருக்க ஹாரனுக்குப் போடுகிற ரிலே ஒன்று. பாய் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஒரு நாள் முழுக்க அதைப் பற்றித்தான் யோசித்திருந்தேன். எக்ஸ்சேஞ்சில் எங்கள் ஹெட்போனில் வருகிற சத்தம் எவ்வளவு? ஒரு கொசு சத்தம். காதோடு இருப்பதால்தான் மெட்ராஸ்காரர் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது. ஸ்பீக்கரைப் பின்னால் வைத்துவிட்டு வண்டியையே உருக்குவானேன்? அவர் சீட்டின் தலைப்பக்கத்தில் ஒன்று, கதவில் ஒன்று என்று வைக்கச் சொன்னேன்.

"அட, ஆமாக்கா" என்றார் பாய்.

சின்ன ஆம்ப்ளிஃபயரே போதுமாக இருந்தது. விளக்கு மங்கவில்லை. வண்டி நிற்கும்போது நான் மீட்டர் முள்ளைப் பார்ப்பேன். மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அவருக்குப் பிடிக்காது, ஆனால் முள்ளைக் காட்டினால் ஒத்துக்கொள்வார். முதல் பாட்டு போட்டபோது அவர் தலையைச் சீட்டில் சாய்த்து, கட்டுப் பிரித்த கையை ஸ்பீக்கர் மேலேயே வைத்துக்கொண்டார். பிறகு சேர்ந்து பாடத் தொடங்கினார். சுருதி எங்கேயோ, இவர் எங்கேயோ. பாய் மரியாதைக்காகக் கடைசிவரை நின்று கேட்டார்.

கம்பெனியை மட்டும் நான் விடவில்லை. எங்கள் லைன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது, "அக்கா, எங்க வூட்டுக்காரரு இப்பல்லாம் டி.வி.ய ரொம்ப சத்தமா வெக்கறாரு" என்றாள். அவள் புருஷனும் அதே பிரஸ் ஷாப். எனக்குக் குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அந்த ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலில் போய் நின்று, காதுக்கு மூடி கொடுங்கள் என்று கேட்டோம். பெர்சனல் ஆபீசர் எங்களுக்குக் காபி வரவழைத்தார். "குடுத்தாலும் ஆளுங்க போட மாட்டேங்கறாங்கம்மா" என்றார். "குடுத்துப் பாருங்க சார், போடலன்னா நாங்க கேக்கறம்" என்றேன். காபி அப்படியே ஆறியது. அதற்கப்புறம் வெகுநாள் இழுத்தடித்துவிட்டுக் காதில் மாட்டுகிற மூடிகள் வந்தன. ஒரு ஷிப்டுக்குப் பாதிப் பேருக்குத்தான் இருந்தது. மீதிப் பேருக்கு என்ன என்று கேட்கத் திரும்பவும் போனோம்.

ஜூஜுவாடி செக்போஸ்டில் ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் வண்டியை மறித்தார். வெயில் நேரம். கண்ணாடி இறக்கியிருந்தோம்.

"என்னம்மா இது, சினிமா கொட்டகையா? கொறைங்க."

"அவருக்குக் காது கேக்காதுங்க. கம்பெனில போயிடுச்சு."

நம்பாமல் குனிந்து, என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக, "கேக்குதா?" என்று கத்தினார். இவர் ஸ்பீக்கரைத் தடவிக்கொண்டே, "இது சுமார்தான் சார். அடுத்த பாட்டு நல்லாருக்கும். நின்னு கேட்டுட்டுப் போங்க" என்றார்.

போலீஸ்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அவர் கையை ஆட்டி, போங்க என்றார்.